லோடு என்றால் வழி

1

இந்தக் கதை ஒரு ஆங்கிலச் சொல்லில் பிறந்தது: லோடு. முப்பது வருஷமாக என் முதுகில் ஏறி இறங்கிய சொல். எழுதப் படிக்க ஐம்பது வயதுக்கு மேல்தான் கற்றேன். மகளுடைய தடித்த அகராதியில் அந்தச் சொல்லைப் போன வாரம் தேடினேன். (ஏன் போன வாரம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.) ஆதியில் அதற்குச் சுமை என்று பொருளே இல்லையாம். வழி, பயணம் என்பதுதானாம். சுமை பிறகு வந்து ஏறிக்கொண்டது.

அகராதி எழுதியவர் மூட்டை தூக்கியிருக்க மாட்டார். ஆனாலும் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

2

"அன்று மழையில் படிக்கட்டு வழுக்கியது. என் மைத்துனன்..."

அடித்துவிட்டேன். மழையே பெய்யவில்லை.

மறுபடி தொடங்குகிறேன். இரண்டு பேர் ஒரு இரும்பு அலமாரியைப் படுக்கைவாட்டில் தூக்கிப் போகிறார்கள். ஒருவன் பின்னோக்கி நடப்பான். எதிரே பிடித்திருப்பவன் "திருப்பம்", "படி", "நில்லு" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். பின்னோக்கி நடக்கிறவனுக்குக் கண் அந்தக் குரல்தான்.

அன்று பின்னோக்கி நடந்தவன் என் மனைவியின் தம்பி. குரல் கொடுக்க வேண்டியவன் நான்.

"மாமா, வாயத் தொறந்து பேசு. படிக்கக் கத்துக்கிட்டதுலேருந்து ஊமையாயிட்ட."

"நீ நட மாப்ள. நான் பாத்துக்கறேன்."

3

இந்தக் கதையில் ஒரு ஆள்மேல் எனக்குச் சந்தேகம்: நான். பாத்துக்கறேன் என்றவன் எதைப் பார்த்தான்?

அலமாரியில் ஒட்டியிருந்த சீட்டை. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, லோடு என்று வந்ததும் மனசு குளிர்ந்துபோனது. அதற்குள் படி வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. மைத்துனன் மல்லாந்து விழுந்தான். இடுப்பெலும்பில் விரிசல்.

(அகராதியைத் தேடியது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு.)

4

இன்று காலை மேஸ்திரி விபத்துத் தாளோடு வந்தார். 'காரணம்: விழுந்தவரின் கவனக்குறைவு' என்று அவரே நிரப்பியிருந்தார். அது அப்படியே மேலே போனால் மைத்துனனுக்கு வேலை போய்விடும்.

"சாட்சிக்கு ஒரு கைநாட்டு வையிய்யா. மை கொண்டாந்திருக்கேன்."

"பேனா குடுங்க. எழுதுவேன்."

"அட! எப்பலேருந்து?"

"அதனாலதான் அவன் விழுந்தான்."

அவர் எழுதியதை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: 'படி வந்ததை நான் சொல்லவில்லை. தவறு என்னுடையது.' ஆறு சொற்கள். பிழை ஒன்றுகூட இல்லை.

மேஸ்திரி இரண்டு தடவை படித்தார். "உன் வேலை போயிடுமேய்யா."

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

5

முடிவு ஒன்று: அவர் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுக்கிறார்.

முடிவு இரண்டு: தாள் மேலே போகிறது. மைத்துனன் தேறி வேலைக்குத் திரும்புகிறான். அலமாரியின் மறுபக்கத்தில் புது ஆள்.

முடிவு மூன்று: மைத்துனன் என்னிடம்...

இல்லை, எழுத மாட்டேன். தாள் இன்னும் மேஸ்திரி கையில்தான் இருக்கிறது. இப்போது பின்னோக்கி நடப்பவன் நான். எதிரே பிடித்திருப்பவர் நீங்கள்.

படி வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.