எட்டாம் புத்தகம்

அவள் எடை அளவு ஆய்வாளர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது வேலை. கடைக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கால் கிராம். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் தெருமுனையில் தலைகாட்டியதுமே ‘கால் கிராம் வருது’ என்று கடைக்குக் கடை சேதி பறந்துவிடும். அது அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்பேர்ப்பட்டவள் தேர்தல் வேலையில் கோட்டை விட்டாள் என்றால் ஊர் வாயை மூடிக்கொண்டு இருக்குமா?

நடந்தது இதுதான். நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் சரிக்குச் சரி இடங்கள். மிச்சம் இருந்தது அவள் ஊர்த் தொகுதி ஒன்றுதான். அதில் ஆளுங்கட்சி பத்தொன்பது ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். அறிவித்த கையோடு தகராறும் வந்தது. அவள் தலைமை அதிகாரியாக உட்கார்ந்திருந்த சாவடியில் ஐம்பது ஓட்டுச்சீட்டுகளின் பின்பக்கம் அவள் கையெழுத்து இல்லை. செல்லாது என்று தனி உறையில் போட்டுவிட்டார்கள். அந்த ஐம்பதில் முப்பத்தெட்டு எதிர்க்கட்சிக்கு விழுந்தவை, பன்னிரண்டு ஆளுங்கட்சிக்கு. சேர்த்து எண்ணினால் எதிர்க்கட்சி ஏழு ஓட்டில் ஜெயிக்கும், ஆட்சியே மாறும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது இப்போது ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். கையெழுத்து அதிகாரியின் தவறால் விடுபட்டது என்று தெளிவாகத் தெரிந்தால் சீட்டு செல்லும். எப்படி விடுபட்டது என்று தெரியாவிட்டால், எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட சீட்டாகவும் இருக்கலாம் என்று தள்ளிவிடுவார்கள். திங்கட்கிழமை நீதிபதி முன்னால் அவள் சாட்சி சொல்ல வேண்டும்.

ஆனால் அவளுக்கே தெரியவில்லை. ஐம்பது சீட்டு எப்படிக் கையெழுத்தில்லாமல் போயிற்று என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. அதை ஒருவரும் நம்பவில்லை என்பது வேறு விஷயம். அவளுடைய அண்ணன் ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர். முப்பது வருஷமாகக் கொடி பிடிக்கிறவர். ‘அண்ணனுக்காகத் தங்கச்சி வேலையைக் காட்டிட்டா’ என்றது ஒரு கோஷ்டி. ‘எதிர்க்கட்சி எதையோ காட்டி அவளை மடக்கிடுச்சு, திங்கட்கிழமை பாருங்க’ என்றது இன்னொன்று. அவள் எப்போதும் சோதிக்கும் மளிகைக் கடைக்காரர், அதுவரை அவளைக் கண்டால் நெளிகிறவர், அன்றைக்கு நிமிர்ந்து நின்று கேட்டார்.

“எங்க தராசை நீங்க சோதிக்கிறீங்க. உங்க தராசை யாரு மேடம் சோதிக்கிறது?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முத்திரைப் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் கோபம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேள்வி நியாயமானது என்று உறைத்தது.

வீட்டில் அண்ணன் காத்திருந்தார். அவளுடைய வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். கூடத்து மேஜையில் யாருடைய மேல்வரிசையையோ அரம் கொண்டு ராவிக்கொண்டிருந்தார். பேச்சில் தலையிடக் கூடாது என்று தீர்மானித்துவிட்டால் அவர் கை இப்படித்தான் வேகமாக ஓடும்.

“பாப்பா, நீ பொய் சொல்ல வேணாம்,” என்றார் அண்ணன். “ஞாபகம் இல்லைன்னு சொல்லு. அதுதானே உண்மை?”

“இப்போதைக்கு அதுதான் உண்மை.”

“அப்ப அதோட விடு. எதுக்குப் போட்டுத் தோண்டுற?”

“தெரிஞ்சுக்கணும்னு இருக்குண்ணா.”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற? தெரிஞ்சா சொல்லியாகணும். சொன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்.”

அரம் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்து ஆளாக்கியது இந்த அண்ணன்தான். இதுவரை அவளிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டவர் இல்லை. அவள் போட்ட ஓட்டும் அவருடைய கட்சிக்குத்தான். தெரியாமலே இருந்துவிட்டால் யாருக்கும் துரோகம் இல்லை, பொய்யும் இல்லை. இத்தனை சுலபமான வழி ஒன்று இருப்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

இரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். சனிக்கிழமை முடியவில்லை. சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கால்நடை மருத்துவமனை எழுத்தரையும் வரச் சொல்லியிருந்தாள். வாக்குப்பதிவு அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்தவர் அவர். மாட்டுக்கு ஊசி போட்ட விவரத்தை எழுதி எழுதி, யார் எதைக் கேட்டாலும் தேதியும் நேரமும் சேர்த்தே பதில் சொல்லும் மனிதர்.

அது ஓவிய வகுப்பறை. சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த மாம்பழமும் கூஜாவும். இருவரும் அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ஓட்டுச்சீட்டுகளுக்குப் பதிலாக ஐம்பது பக்க நோட்டுகள். அவள் இடது கைப்பக்கம் எழுத்தர்.

“எப்படிக் கொடுத்தேன்? மறுபடி செஞ்சு பாப்போம்,” என்றாள்.

வேலை நடந்த விதம் எளிமையானது. சீட்டு ஐம்பது ஐம்பதாகத் தைத்த புத்தகங்களில் வரும். கையெழுத்துப் போடாத புத்தகங்கள் அவளுக்கு வலது பக்கம். போட்டு முடித்ததை இடது ஓரத்தில் வைப்பாள். எழுத்தர் கைநீட்டி எடுத்துக்கொள்வார். வாய்ப்பேச்சே கிடையாது. தன் பக்கம் இருப்பது கையெழுத்தான புத்தகம் என்று அவருக்குத் தெரியும். அவர் கையில் இருப்பது தான் முடித்துக் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது இப்படி ஒரு ஏற்பாடு தானாக அமைந்துவிடும். ஆறு புத்தகங்கள் அப்படித்தான் போயின. ஏழாவதிலும் குறையில்லை. கையெழுத்து இல்லாதது முழுக்க முழுக்க எட்டாம் புத்தகம், முந்நூற்று ஐம்பத்தொன்றிலிருந்து நானூறு வரை.

விளையாட்டுப்போல நோட்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரை மணி ஆனது. ஜன்னல் வழியாக வெயில் சுளீரென்று அவள் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு கேட்டாள்.

“அன்னிக்கு நான் மத்தியானம் இந்தப் பக்கமா பாத்து உக்காரலையே. ஜன்னலுக்கு முதுகு காட்டிதானே உக்காந்திருந்தேன்?”

“ஆமா மேடம். மேஜையைத் திருப்பினோமே. பதினொண்ணு முப்பத்தஞ்சு இருக்கும். நீங்க சக்கர நாற்காலிக்காரரைப் படியேத்தி விட வெளியே போயிருந்தீங்க.”

“மேஜை மேல இருந்ததையெல்லாம்?”

“அப்படியே வச்சுதான் திருப்பினோம்.”

இருவரும் எழுந்து, நோட்டுகளோடு சேர்த்து மேஜையை அரைவட்டமாகத் திருப்பினார்கள். அவள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். எழுத்தர் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். இப்போது அவர் அவளுக்கு வலது பக்கம். அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் கையெழுத்துப் போடாத எட்டாம் புத்தகம்.

எழுத்தர் அதைப் பார்த்தார். நீட்டப்போன கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏழாவது அப்பதான் தீந்துது மேடம். என் பக்கம் இருந்ததை எடுத்தேன்.”

“நான் திரும்பி வந்தேன். எட்டாவது உங்க கையில இருந்துது. போட்டுட்டோம்னு நெனச்சு ஒன்பதாவதை எடுத்தேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதின்மூன்று நாளாகப் புரியாத ஒன்று புரிந்துவிட்ட சந்தோஷம் அவ்வளவு. நாடு முழுக்கப் பேசிய சதி எதுவும் இல்லை, ஒரு மேஜை செய்த வேலை! சிரித்து முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வாயில் வந்தது.

“உங்ககூட மேஜையைப் பிடிச்சது யாரு?”

எழுத்தர் சுவரில் இருந்த கூஜாவைப் பார்த்தார். “உங்க அண்ணன். ஓட்டுப் போட வந்து வரிசையில முதல் ஆளா நின்னார். அவர்தான் ‘வெயில் அடிக்குது, திருப்பிடுவோம்’னு சொன்னார்.”

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் சாவடிக்குள் மேஜையில் கை வைத்தார், அடுத்த நிமிஷமே ஐம்பது சீட்டு கெட்டது. இதைக் கேட்டால் எவன் வெயிலை நம்புவான்?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அண்ணி உள்ளே எழுந்து போய்விட்டாள்.

“என் பேரைச் சொல்லாம சொல்ல முடியாதா?” என்றார் அண்ணன்.

“யாரு திருப்பினதுன்னு கேப்பாங்கண்ணா.”

“நான் உள்ளே வந்து ஓட்டுப் போட்டேன், போனேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்,” என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விசாரணைக் கூடத்தில் எள் விழ இடமில்லை. அவள் எதையும் ஒளிக்கவில்லை. வலது பக்கம், இடது பக்கம், வெயில், சக்கர நாற்காலி எல்லாவற்றையும் சொன்னாள். தவறு தன்னுடையது என்றும் சொன்னாள். வேலைக்கு ஆபத்து என்று தெரிந்துதான் சொன்னாள். யார் திருப்பியது என்று நீதிபதி கேட்டார். தன் அண்ணன் என்றாள்.

இரண்டு தரப்பு வக்கீல்களும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்த சதி என்றார் ஒருவர். எதிர்க்கட்சி எழுதிக் கொடுத்த கதை, வட்டச் செயலாளர் மேஜையைத் தொடவே இல்லை, அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார் ஆளுங்கட்சி வக்கீல். எழுத்தர் அவளோடு வேலை பார்த்தவர், அவர் பேச்சு எடுபடாது என்றும் சொன்னார்.

அண்ணன் கூண்டில் ஏறினார். வெள்ளைச் சட்டை, கரையில்லாத வேட்டி. நீதிபதி சீல் உடைத்து எட்டாம் புத்தகத்தின் அடிக்கட்டையை எடுக்கச் சொன்னார். யாருக்கு எந்தச் சீட்டு தரப்பட்டது என்பது அடிக்கட்டையில் வாக்காளர் எண்ணாக இருக்கும். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது இருக்காது.

“முந்நூற்று ஐம்பத்தொன்று. வாக்காளர் எண் எண்ணூற்றுப் பதினாறு,” என்று படித்தார் குமாஸ்தா.

“அது யார் எண்?” என்றார் நீதிபதி.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து தன் வாக்காளர் சீட்டை எடுத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னுதுங்க.”

எட்டாம் புத்தகத்தின் முதல் சீட்டு அவருக்குத் தரப்பட்டது. செல்லாத உறைக்குள் பதினைந்து நாளாக அவருடைய ஓட்டும் கிடந்திருக்கிறது. ‘அந்த ஐம்பதையும் குப்பையில போடுங்க’ என்று அவர் மேடை போட்டுப் பேசியதும் அந்தப் பதினைந்து நாளில்தான்.

“ஐயா, ஒரு சந்தேகம்,” என்றார் நீதிபதியிடம். “இந்த ஐம்பதும் செல்லாதுன்னா, நான் போட்டது போடாத மாதிரியா?”

“ஆமாம்.”

“எனக்குப் பின்னாடி நின்னவங்க போட்டதும்?”

“ஆமாம்.”

அவர் முப்பது வருஷமாக வீடு வீடாகக் கதவைத் தட்டி, வெயிலைப் பார்க்காதீங்க, வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போங்க என்று கெஞ்சியவர். அன்றைக்கு அவருக்குப் பின்னால் நின்ற வரிசையில் பாதிப் பேரை அவரே கூட்டி வந்திருந்தார். தன் கட்சிக்குப் போடமாட்டார்கள் என்று தெரிந்தும் கூட்டி வந்தவர்களும் அதில் உண்டு. அவருடைய வக்கீல் வேகவேகமாகத் தலையை ஆட்டிக் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“மேஜையைத் திருப்பினது நான்தாங்க,” என்றார். “இவளுக்குச் சின்ன வயசுலேருந்து வெயில் கண்ணுல பட்டா தலைவலி வரும்.”