நூறு தடவை போட்ட மூடி

கணக்கு டீச்சருக்குப் பதினான்கு வருட சர்வீஸ். ஏழாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்த அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பெயர். அந்தப் பெயரைப் பிறர் கொடுத்தார்களா, அவரே வைத்துக்கொண்டாரா என்ற ஆராய்ச்சி நமக்கெதற்கு.

பாடம் இதுதான். காசைச் சுண்டினால் பூவும் தலையும் பாதிக்குப் பாதி. அதை உட்கார்ந்த இடத்திலேயே யோசித்துச் சொல்லிவிடலாம். ஒரு பாட்டில் மூடியைத் தூக்கிப் போட்டால் மல்லாந்து விழுமா, குப்புற விழுமா? தலைகீழாக நின்று யோசித்தாலும் தெரியாது. போட்டுத்தான் பார்க்க வேண்டும். நூறு தடவை போட்டு, எத்தனை தடவை மல்லாந்தது என்று எண்ணி, நூறால் வகுத்தால் கிடைப்பதுதான் விடை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இதற்கு விடை இருக்காது. மூடிதான் சொல்ல வேண்டும்.

வருடா வருடம் டீச்சர் ஒரு டப்பா நிறையத் தகர மூடிகள் வைத்திருப்பார். இந்த வருடம் அவை துருப்பிடித்துப் போனதால், முக்குக் கடைக்காரரிடம் கேட்டு ஒரு பை நிறைய ஜூஸ் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடிகளை வாங்கி வந்தார். மூடி என்றால் மூடிதானே! வெள்ளிக்கிழமை முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா?

"சுமாரா அறுபது தடவை மல்லாந்து விழும், வேணும்னா பாருங்க. வருஷா வருஷம் அப்படித்தான் வருது."

திங்கட்கிழமை ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். அறுபது. அறுபத்தொன்று. ஐம்பத்தொன்பது. அறுபது. அறுபத்திரண்டு. டீச்சர் கரும்பலகையில் எழுத எழுத அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசி பெஞ்சில் தையல்காரரின் மகள் எழுந்தாள். அதிர்ந்து பேசாத பெண். கணக்கில் சுமார், கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி.

"இருபத்தொம்பது மிஸ்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"நூறு தடவை போட்டியா?"

"போட்டேன் மிஸ். அப்பா துணி வெட்டுற மேசையில."

"முப்பத்தோரு பேருக்கு வந்தது உனக்கு மட்டும் வரலையா? உன் மூடிக்கு மட்டும் கொம்பு முளைச்சிருக்கா?"

இதற்கும் சிரிப்பு. சிரிப்பு வந்தால் டீச்சருக்கு இன்னும் நாலு வார்த்தை சேர்ந்து வரும்.

"ஞாயித்துக்கிழமை பூரா டிவி பார்த்துட்டு, காலையில வாய்க்கு வந்ததை எழுதிட்டு வந்திருக்க. கணக்கு தப்பா போட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொய் சொன்னா எனக்குப் பிடிக்காது."

"பொய் இல்ல மிஸ். தம்பிதான் ஒவ்வொரு தடவையும் எடுத்துக் குடுத்தான். வேணும்னா அவனைக் கேளுங்க."

"எதிர்த்துப் பேசாத. நாளைக்கு மறுபடி போட்டுட்டு வா, ஒழுங்கா. இப்ப நில்லு."

மணி அடிக்கும்வரை அவள் நின்றாள். அழவில்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கரும்பலகையில் இருந்த அந்த முப்பத்தொரு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் பள்ளி விட்டபின் டீச்சர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்தினார். மீந்துபோன மூடிகள் மேசைமேல் பையில் கிடந்தன. நாளை அந்தப் பெண் மறுபடி ஏதாவது உளறினால், அவள் கண் முன்னாலேயே போட்டுக் காட்டி வாயை அடைக்கலாம் என்று ஓர் எண்ணம். அதற்கு ஒத்திகையாக ஒரு மூடியை எடுத்துப் போட்டார். குப்புற விழுந்தது. மறுபடி போட்டார். குப்புற.

"என்ன டீச்சர், பச்சைப்பிள்ளை மாதிரி மூடி வச்சு விளையாடிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டபடி சயன்ஸ் டீச்சர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கணக்கு டீச்சர் சிரித்து வைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார். நூறு முடிந்தபோது மல்லாந்தது முப்பத்தொன்று. மூடியின் மேல் சந்தேகம் வந்து வேறொன்றை எடுத்தார். இருபத்தெட்டு. இடத்தின் மேல் சந்தேகம் வந்து தரையில் உட்கார்ந்து போட்டார். முப்பத்துமூன்று. கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

டீச்சருக்குக் காது மடல் வரை சுட்டது. மூடி மாறினால் எண்ணும் மாறும். அதுதானே ஐயா பாடமே! அதைப் பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொடுத்தவருக்கு அது உறைக்கவில்லை. சரி, அந்த முப்பத்தொரு பேருக்கு எப்படி அறுபது வந்தது? வராமல் எப்படி இருக்கும், இவர்தான் வெள்ளிக்கிழமையே சொல்லிக் கொடுத்துவிட்டாரே. யாரும் மூடியைத் தொடக்கூட இல்லை. நிஜமாகப் போட்டிருந்தால் ஒருவருக்கு இருபதும் இன்னொருவருக்கு நாற்பதுமாக அங்குமிங்கும் சிதறியிருக்கும். ஐம்பத்தெட்டுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவில் அத்தனை பேரும் வரிசையாக வந்து உட்கார்ந்தபோதே மூளை விழித்திருக்க வேண்டாமா? முப்பத்தொரு பொய்க்கு 'மிக நன்று' போட்டுவிட்டு, வகுப்பிலேயே உண்மை சொன்ன ஒரே ஒருத்தியை நிற்க வைத்தாயிற்று. கொம்பு முளைச்சிருக்கா என்று வேறு கேட்டாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

தையல்காரரின் போன் நம்பர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. டீச்சர் போனைக் கையில் எடுக்கவும் செய்தார். ஒரு நிமிடப் பேச்சு. 'பாப்பாகிட்ட சொல்லிடுங்க, அவ போட்டதுதான் சரி, மறுபடி போட வேணாம்னு.' ஆனால் ஒரு தகப்பனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வகுப்பில் அவமானப்படுத்தியதை வகுப்பில்தான் சரிசெய்ய வேண்டும் என்று தனக்குத்தானே நியாயம் கற்பித்துக்கொண்டு போனைக் கைப்பைக்குள் போட்டார். அது கூச்சம்தான். நியாயம் ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நாளை பேசப்போவதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அவளை முன்னால் கூப்பிட்டு, நோட்டை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, 'இதுதான் சரி, தப்பு என்னோடது' என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் டீச்சர் எத்தனை பேர் இருப்பார்கள் என்றுகூட ஓரிடத்தில் நினைத்துவிட்டார். நினைத்த மறுகணமே வெட்கமாக இருந்தது.

காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் தையல்காரரின் மகளை நோட்டோடு முன்னால் வரச் சொன்னார். அவள் வந்து நோட்டை நீட்டினாள். டீச்சர் பக்கத்தைப் பார்க்காமலே அவள் தோளைத் தொட்டு, வகுப்பைப் பார்த்தபடி, நோட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் கவனிங்க. இவ என்ன எழுதியிருக்கான்னு நான் படிக்கப் போறேன். மல்லாந்து விழுந்தது..."

படிப்பதற்காக நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். பென்சிலால் போட்ட பழைய கோடுகள் ரப்பரால் அழிக்கப்பட்டிருந்தன. அழித்த இடத்தில் தாள் நைந்து போயிருந்தது. அதன்மேல் அச்சு மாதிரி, ஐந்தைந்தாகக் கட்டிய புதுக் கோடுகள். அடியில் பேனாவில்: அறுபத்தொன்று.

"மறுபடி போட்டியாம்மா?" டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"போட்டேன் மிஸ்." அவள் டீச்சரின் கண்ணைப் பார்த்தே சொன்னாள். நேற்று உண்மையைச் சொன்னபோதுகூடக் குரல் இவ்வளவு தெளிவாக வரவில்லை.

சொல்ல வந்ததை இப்போது எப்படிச் சொல்வது? இந்த மூடிக்கு முப்பதுதான் வரும் என்று வாயைத் திறந்தால், அறுபத்தொன்று என்று எழுதி வந்தவள் இங்கேயே, எல்லோர் முன்னாலும், கையும் களவுமாகப் பிடிபடுவாள். நேற்று இல்லாத பொய்க்கு நின்றாள். இன்று உண்மையாகவே பொய்க்காரியாக நிற்பாள், அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவரின் பக்கத்தில். நேற்று மாலை ஒரு நிமிடம் பேசியிருந்தால் போதும். பேசவில்லையே.

வகுப்பு காத்திருந்தது. டீச்சர் நோட்டை மேசைமேல் வைத்துக் குனிந்தார். சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டு, கையெழுத்தும் போட்டார். அது கோழைத்தனம் என்று போடும்போதே அவருக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நோட்டை வாங்கிக்கொண்டவள் திரும்பிப் போகாமல் அரை அடி கிட்டே வந்து, டீச்சருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"இனிமே எனக்குத் தப்பா வராது மிஸ்."