வலது பக்கத்துப் பந்து

பெரிய கோச் ஒரு கிளப்பை விட்டு இன்னொரு கிளப்புக்குப் போனால் மூன்று பேர் கூடவே கிளம்பியாக வேண்டும். வருகிறீர்களா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. "திங்கக்கிழமை கிளம்புறோம்" என்று ஒரு போன் வரும், கதை முடிந்தது. வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வது என்பதெல்லாம் அவரவர் தலைவலி. ஒன்பது வருஷத்தில் இப்படி நாலு ஊர் ஆகிவிட்டது. போன இடத்தில் எல்லாம் இந்த மூன்று பேருக்கும் ஒரே பட்டப்பெயர்தான் வாய்த்தது: மூட்டை முடிச்சு.

அதில் ஒருவர் உடற்பயிற்சிக்காரர். கழுத்தில் தொங்குகிற சாமானை வைத்து அவருக்கு விசில் என்று பெயர். இன்னொருவன் ஆட்டங்களை வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் காட்டுகிறவன். அவன் லேப்டாப். மூன்றாவது ஆள் கோல்கீப்பர்களைப் பழக்குகிறவள், கையுறைக்காரி. இவளும் பெரிய கோச்சும் ஒரு காலத்தில் ஒரே பெண்கள் அணியில் ஆடியவர்கள். பெரிய கோச் நடுவில் நின்று தடுப்பாள், அவளையும் தாண்டி வந்ததை இவள் பிடிப்பாள். அந்த உரிமையில் இவள் மட்டும் பெரிய கோச்சை அக்கா என்று கூப்பிடுவாள்.

இந்தத் தடவை கிளம்பியது மட்டும் கொஞ்சம் அசிங்கமாகப் போய்விட்டது. பாதி சீசனில், அதே லீகில் ஆடுகிற எதிரி கிளப்புக்கே தாவியிருந்தார்கள். பழைய அணியோடு மோத வேண்டிய ஆட்டம் மூன்றே வாரத்தில் வந்து நின்றது. புதுக் கிளப்பின் செயலாளர் நாலு பேரையும் வளைத்துப் போட்டதே அதற்காகத்தான். அந்த மனிதர் அதை மறைக்கவும் இல்லை.

வியாழக்கிழமை காலை எல்லாரையும் கூட்ட அறையில் உட்கார வைத்தார். நீள மேஜை, ஆடுகிற நாற்காலிகள், ஒழுகுகிற ஏசிக்குக் கீழே ஒரு வாளி. வெள்ளைப் பலகையில் யாரோ பாதி அழித்துவிட்டுப் போன அம்புக்குறிகள்.

"உங்க பழைய வீடு உங்களுக்குத்தான் தெரியும். எந்தக் கதவு சரியா பூட்டாது, எந்த ஜன்னல் ஆடும்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க பார்ப்போம்" என்றார் செயலாளர்.

விசில் சொன்னார், எழுபதாவது நிமிஷத்துக்கு மேல் யார் யாருக்கு மூச்சு வாங்கும் என்று. லேப்டாப் திரையில் ஓட்டிக் காட்டினான். கையுறைக்காரியின் முறை வந்தது. பழைய அணியின் கோல்கீப்பர் நெட்டையை ஐந்து வருஷம் பழக்கியவள் அவள். ஒளிக்காமல்தான் சொன்னாள். "இடது காலால உதைச்சா பந்து கோணலா போகும். பெனால்டிக்கு அவசரப்பட்டு விழ மாட்டா, கடைசி வரைக்கும் நிப்பா. மழை பேஞ்சா பந்தைப் பிடிக்காம குத்தி விடுவா."

"இதெல்லாம் டிக்கெட் எடுத்து உள்ள வந்தவனுக்கே தெரியும்மா" என்றார் செயலாளர்.

அப்போதுதான் பெரிய கோச் வாயைத் திறந்தாள். "அவ எப்பவும் வலது பக்கமா கொஞ்சம் திரும்பியே நிப்பா. நான் அப்பவே உன்கிட்ட கேட்டேன், பழக்கம்னு சொன்னே. நிஜமாவே பழக்கம்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆயிற்று. மூன்று எழுத்து. மேஜைக்கு அடியில் லேப்டாப் காலால் இடிக்கவும் செய்தான். ஆனால் இந்த அசட்டு மனுஷிக்கு அது வாயில் வரவில்லை.

"அதை நான் சொல்ல மாட்டேன்கா" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது: சொல்ல மாட்டேன் என்றால், சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இருக்கத்தான் செய்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆட்டத்தில் எதிராளியின் முழங்கை நெட்டையின் வலது கண்ணில் இறங்கியது. வீக்கம் வடிந்தது, பார்வை திரும்பவில்லை. அந்தக் கண்ணில் எல்லாம் நீராவி படிந்த கண்ணாடி மாதிரிதான் தெரியும், இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டரிடம் கூடப் போனது கையுறைக்காரி. "கோச், கிளப்புக்குத் தெரிஞ்சா என்னை அனுப்பிடுவாங்க. வீட்டுல என் சம்பளம் மட்டும்தான்" என்று ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அவள் அழுத அழுகை இவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அப்புறம் இரண்டு வருஷம் இருவரும் காதும் காதும் வைத்த மாதிரி உழைத்தார்கள். நல்ல கண் முன்னால் வருகிறபடி திரும்பி நிற்பது, வலது பக்கத்திலிருந்து பந்து உயரமாக வந்தால் நடுத் தடுப்பாட்டக்காரி "மேல!" என்று கத்துவது, கத்தினதும் யோசிக்காமல் ஓடி வந்து குத்துவது. டாக்டரை விட்டால் விஷயம் தெரிந்தவர்கள் இந்த மூன்றே பேர்.

"சம்பளம் வாங்குறது இங்கே, வாயை மூடிக்கிறது அங்கே. இது எந்த ஊர் நியாயம்?" என்று மேஜையைத் தட்டினார் செயலாளர்.

"கண்ணால பார்த்ததை எல்லாம் சொல்லிட்டேன் சார். ஒருத்தி நம்பிச் சொன்னது என் சரக்கு இல்ல, விக்கிறதுக்கு" என்றாள் கையுறைக்காரி. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

"நாளை சாயங்காலம் வரைக்கும் டைம். யோசிச்சு சொல்லுங்க. இல்லைன்னா நடக்கிறதே வேற" என்று செயலாளர் எழுந்து போனார்.

வீட்டில் புருஷன் சுவரில் அலமாரி மாட்டிக்கொண்டிருந்தார். எலெக்ட்ரீஷியன். எந்த ஊருக்குப் போனாலும் ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பிழைத்துக்கொள்வார். ஒன்பதாம் வகுப்பு மகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை இவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் இறங்கவில்லை.

"ஒண்ணுமில்ல, சும்மா பழக்கம்தான்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல?"

"வாயில வரலைங்க."

"எங்கிட்ட மட்டும் எப்படி வருது? புதுப் புடவையைக் கட்டிக்கிட்டு, இது பழசு, நீங்கதான் கவனிக்கலைன்னு சரளமா வருமே!"

மகள் சிரித்துவிட்டாள். ஆனால் உடனே முகம் சுருங்கியது. "அப்போ மறுபடியும் ஸ்கூல் மாறணுமாம்மா?"

இந்தக் குழந்தை எத்தனை வகுப்பறைக்குள் புதிதாக நுழைந்து, எத்தனை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்? "தெரியலடி. மாற வேண்டி வந்தாலும் வரலாம்" என்றாள் கையுறைக்காரி.

"எங்கிட்டயாவது சொல்லேன், அப்படி என்னதான் விஷயம்?" என்றார் புருஷன்.

"உங்களுக்கும் கிடையாது."

"அப்போ சரி. இந்தச் சுவத்துல எட்டு ஓட்டை போட்டாச்சு. எத்தனை நாள் இருக்கோமோ அத்தனை நாள் அலமாரி இருக்கட்டும்" என்று அவர் ஒன்பதாவது ஓட்டையைப் போட ஆரம்பித்தார்.

மறுநாள் மதியம் பந்துகளும் வலைகளும் அடுக்கி வைக்கிற அறைக்கு பெரிய கோச் தேடிக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"ஏண்டி, என் கழுத்தை அறுக்கவே கூட வந்தியா? உங்க மூணு பேருக்காக நான் எத்தனை பேர்கிட்ட மல்லுக்கட்டியிருக்கேன் தெரியுமா? இவங்க இல்லாம நான் வரமாட்டேன்னு ஒவ்வொரு இடத்துலயும் சொல்றேன்."

"தெரியும்கா. மறக்கல."

"அப்புறம் என்ன? சொல்லித் தொலையேன்."

கையுறைக்காரி கையில் இருந்த பந்தைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கறேன், கோவப்படக் கூடாது. நாளைக்கே என்னை நீங்க துரத்திட்டீங்கன்னு வைங்க. நான் வேற ஒருத்தர் கூடப் போறேன். அங்கேயும் ஒரு செயலாளர் இருப்பான். அந்தம்மாவைப் பத்தி உனக்குத்தான் தெரியுமே, எங்கே தட்டினா உடைவாங்கன்னு கேப்பான். போன இறுதி ஆட்டத்துல இடைவேளைக்கு நீங்க பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உட்கார்ந்தீங்களே, என்னால முடியலடின்னு அழுதீங்களே, கோச் போன்ல பேசுறாங்கன்னு பிள்ளைங்ககிட்ட புளுகிட்டு நான் பேசி அனுப்பினேனே, அதை அவன்கிட்ட சொல்லட்டுமா?"

பெரிய கோச்சின் முகம் வெளுத்தது. "மிரட்டுறியா?"

"ஐயோ, இல்லக்கா. கழுத்துல கத்தி வெச்சாலும் அதைச் சொல்ல மாட்டேன். இதுவும் அதே வாய்தான். அதுக்குப் பூட்டு, இதுக்குத் திறப்புன்னு ரெண்டு வாய் எனக்கு இல்ல."

பெரிய கோச் வலையின் ஒரு முடிச்சை விரலால் பிரித்துக்கொண்டே நின்றாள். கடைசியில் தலையை நிமிர்த்தினாள். "நீ சொல்ல வேண்டாம். இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு, அதுவே எனக்குப் போதும். நாளைக்கு முழுக்க அவளோட வலது பக்கத்துலேர்ந்துதான் பந்து போடப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போகிறவளைப் பார்த்து கையுறைக்காரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் மேல் பாதி, தன் ஓட்டை வாய் மேல் பாதி.

சனிக்கிழமை மதியம் ஆட்டம். சொன்னபடியே செய்தாள் பெரிய கோச். தன் அணியிலேயே வேகமான பெண் மறுபக்க ஓரத்தில் பந்தே கிடைக்காமல் சும்மா நின்றாள். எல்லாப் பந்தும் நெட்டையின் வலது பக்கத்திலிருந்தே உயரமாக வந்து விழுந்தது. முதல் பந்துக்கு கையுறைக்காரி பெஞ்சில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "மேல!" என்ற கத்தல் காதில் விழுந்தது. பொத்தென்று ஒரு குத்து. கண்ணைத் திறந்தால் பந்து மைதானத்தின் பாதியில் உருண்டு போகிறது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. பந்து எங்கிருந்து வரும் என்ற சந்தேகமே அங்கே யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தால் ஒரு கண்ணே தாராளம். ஏழாவதில் மட்டும் நெட்டை ஒரு அடி தாமதித்தாள், விரல் நுனியில் தட்டிவிட்டுத் தப்பினாள்.

பதினொன்றாவது பந்தை நெட்டை நாலு பேர் தலைக்கு மேல் எழும்பி, இரண்டு கையாலும் பழம் பறிக்கிற மாதிரி பறித்தாள். அடேயப்பா! கையுறைக்காரி தன்னை மறந்து எழுந்து நின்று கை தட்டிவிட்டாள். சொந்த பெஞ்சில், சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால், எதிரி கோல்கீப்பருக்கு! விசில் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் நெட்டை அந்தப் பந்தை நீளமாக எறிய, மறுமுனையில் பழைய அணி கோல் போட்டுவிட்டது. அந்த ஒரு கோலிலேயே ஆட்டம் முடிந்தது.

உடை மாற்றும் அறை வாசலில் செயலாளர் காத்திருந்தார். மனிதர் முகம் மிளகாய்ப் பழமாக இருந்தது.

"எனக்கு இப்பதான் புரியுது. வலது பக்கம்தான் அந்தப் பொண்ணோட பலமே! சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன்னு நடிச்சு, எங்களை அந்தப் பக்கமே தள்ளி விட்டிருக்கீங்க. எவ்வளவு பெரிய கில்லாடிம்மா நீங்க! கூடவே கை தட்டல் வேற!"

கையுறைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு கணக்கு அவள் கனவிலும் போட்டதில்லை. இல்லை சார், பலமும் இல்லை ஒன்றும் இல்லை, அவளுக்கு அந்தக் கண்... தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் துரோகி இல்லை என்று ஆகிவிடும். மகளுக்குப் பள்ளிக்கூடம் மாற வேண்டாம். அவள் பெரிய கோச்சைப் பார்த்தாள். பெரிய கோச்சுக்குப் பாதியாவது புரிந்திருக்கும், தொண்ணூறு நிமிஷமும் அந்த "மேல!" அவள் காதிலும் விழுந்ததுதானே. ஆனால் ஒன்பது வருஷம் யாரை நம்பி ஊர் ஊராக அலைந்தாளோ, அந்தப் புண்ணியவதி தன் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, பேச்சையே காணோம்? ஏமாத்தினீங்களா இல்லையா?"

"என்ன வேணா நினைச்சுக்கோங்க சார்" என்றாள் கையுறைக்காரி. "கை தட்டினது மட்டும் நிஜம். அஞ்சு வருஷம் உழைச்ச என் வேலை, என் கண்ணு முன்னாடி நல்லா நடந்துச்சு. அதுக்குத் தட்டினேன். இன்னொரு தடவை பார்த்தாலும் தட்டுவேன்."

"அடையாள அட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க."

கழட்டிக் கொடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள்.

பின்வாசலில் பழைய அணியின் பஸ் நின்றிருந்தது. பிள்ளைகள் பாட்டும் கூத்துமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். நெட்டை மட்டும் கீழே நின்றாள். தன்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று கையுறைக்காரி நினைத்தாள். அவள் வரவில்லை.

"பதினொரு பந்து கோச். பதினொண்ணும் வலது பக்கத்துலேர்ந்து" என்றாள். "சொல்லிட்டீங்களா?"

இந்தப் பக்கத்திலும் துரோகிப் பட்டமா? கையுறைக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அடியே மடச்சி! சொல்லியிருந்தா நான் இப்ப உள்ளே ஏசியில உட்கார்ந்திருப்பேன்டி. பையைத் தூக்கிக்கிட்டு உன் பஸ் பக்கத்துல எதுக்கு நிக்கிறேன்?"

நெட்டை அவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். புரிந்ததும் கையுறையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடப் பார்த்தாள். "நான் போய்ச் சொல்லிடறேன் கோச். என் கண்ணுதான் காரணம்னு சொல்றேன். உங்க வேலை..."

கையுறைக்காரி அவள் கையை எட்டிப் பிடித்து நிறுத்தினாள்.

"வாயைத் திறந்தே, தொலைச்சிடுவேன். உள்ளே இருக்கிறவங்க எல்லாரும் இப்ப என்ன நம்பிட்டு இருக்காங்க தெரியுமா? வலது பக்கம்தான் உன் பலமாம்! இனிமே ஒருத்தரும் அந்தப் பக்கம் பந்து போட மாட்டாங்க. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? கையுறையை எடு. பஸ்ல ஏறு." அவள் முகத்தைத் தன் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டாள். "அந்த ஏழாவது பந்துக்கு ஒரு அடி லேட்டா வந்தே. நாளைக்குக் காலையில முதல் வேலையா அதைச் சரி பண்ணு."