இந்தக் கேள்விக்கு ஆள் இல்லை

அப்பா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு, உதடுகளை மட்டும் அசைத்துக் கேள்வியை ஒருமுறை தனக்குள் படித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "நம்ம செக்கருக்கு நெஞ்சுவலி. இடது கை இழுக்குது, வேர்த்துக் கொட்டுது. முதல்ல என்ன பண்ணுவ?" என்றார். புத்தகத்தில் டிக்கெட் செக்கர் யாரும் கிடையாது. நடுத்தர வயது ஆண் என்று மட்டும்தான் இருக்கும். வயதைத் தவிர வேறு அடையாளமே இல்லாத ஒருவனுக்கு வைத்தியம் பார்ப்பதில் அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். டெப்போவில் தன்னோடு வேலை பார்த்தவர்களை ஒருத்தர் பாக்கியில்லாமல் என் பாடப்புத்தகத்துக்குள் படுக்க வைத்துவிட்டார்.

நான் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவள். இங்கே யார் நாடியையும் தொட வேண்டுமென்றால் உரிமத் தேர்வு எழுதித் தேற வேண்டும். இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டேன். இரண்டாவது முறை முடிவு வந்த அன்று அப்பா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஆள் முகம் தெரியாம படிச்சா மண்டையில எப்படி நிக்கும்?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை கேள்விப் புத்தகத்தோடு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார். அம்மா போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இருவர்தான். தப்பிக்க வழியில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அந்த முறை பலித்தது. தைராய்டு என்றால் ஸ்டோர் கீப்பரின் பிதுங்கிய கண்கள் ஞாபகத்துக்கு வரும். சிறுநீரகக் கல் என்றால் ஒல்லிக்குச்சி கண்டக்டர் டிக்கெட் பையோடு சுருண்டு கிடப்பார். அப்பா, தனக்கு ஒருநாளும் லீவு தராத மேனேஜருக்கு மூலம், சொறி, படை எல்லாவற்றையும் தாராளமாக வழங்கியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. விடையைச் சொன்னதும் அது என்ன நோய் என்று அவருக்குப் புரிகிற தமிழில் விளக்க வேண்டும். விளக்கினால்தான் பென்சிலால் சரி போடுவார். புரியாமல் அடுத்த பக்கம் புரட்ட மாட்டார்.

அன்று செக்கரைப் பிழைக்க வைத்தபின் அடுத்த கேள்விக்கு வந்தார். படித்தார். மறுபடியும் படித்தார். "வயசு அறுபதுக்கு மேல. கண்ணு மஞ்சளா இருக்கு. உடம்பெல்லாம் அரிப்பு. எடை குறைஞ்சிட்டே போகுது. ஆனா வலி மட்டும் கொஞ்சமும் இல்ல" என்றார். பிறகு மனத்துக்குள் டெப்போவை ஒரு சுற்று சுற்றி வந்தார். டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள், வாட்ச்மேன் வரை தேடியிருப்பார் போல. யாரும் அகப்படவில்லை.

"இதுக்கு ஆள் இல்லையே" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "சரி, நான்னு வெச்சுக்க."

நானும் சிரிக்கத்தான் நிமிர்ந்தேன். மாதக்கணக்காகத் தலையைப் புத்தகத்துக்குள் புதைத்தபடியே அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். டீயைக்கூட அவர் முகத்தைப் பார்த்து வாங்கியதில்லை. இப்போது ஜன்னல் வெளிச்சம் நேராக அவர் கண்ணில் விழுந்தது. வெள்ளை விழி வெள்ளையாக இல்லை. சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஓய்வு பெற்ற பிறகு இளைத்து அழகாகிவிட்டார் என்று நான் கேலி செய்தபோதும் போட்டிருந்த அதே சட்டைதான். பென்சிலின் பின்பக்கத்தால் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அரிப்பு எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். கேள்வியில்தான் இருக்கிறதே என்றார். பசி எப்படி என்று கேட்டேன். புத்தகத்தைக் கண்ணுக்கு இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டார்.

"சிறுநீர் என்ன நிறமாப் போகுதுப்பா?"

"அது கேள்வில இல்லையே" என்றார்.

பிறகு புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். பால் விடாத டீ மாதிரி போகிறதாம். மலம் வெளுத்திருக்கிறதாம். முதலில் உடம்புச் சூடு என்று நினைத்திருக்கிறார். என்னோடு சேர்ந்து இத்தனை கேள்விகள் படித்த மனிதர், அப்படி எத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்க முடியும்?

"அடுத்த வாரம் உன் பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். வாய் தவறி நான்னு சொல்லிட்டேன்" என்றார். குற்றம் செய்தவர் மாதிரி தரையைப் பார்த்தார். பிறகு, "சரி, விடையச் சொல்லு" என்றார்.

கல்லாக இருக்கலாம் என்றேன். பித்தப் பாதையில் கல் அடைத்தாலும் இப்படித்தான் மஞ்சளாகும், அதை எடுத்துவிடலாம், எடுத்தால் சரியாகிவிடும் என்று வேகவேகமாகச் சொன்னேன். அவர் பென்சிலை எடுக்கவில்லை.

கட்டிலில் படுக்கச் சொன்னேன். எங்கே பெண் கோபித்துக்கொள்வாளோ என்பது போல உடனே படுத்து, சட்டைப் பொத்தான்களைத் தானே கழற்றினார். என் கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டேன். கை குளிர்ந்திருந்தால் வயிறு இறுகிக்கொள்ளும். அதுவும் பரீட்சைக்கு உண்டு. கல் அடைத்திருந்தால் பெரும்பாலும் வலிக்கும், பித்தப்பை சுருங்கிக் கிடக்கும், விரலுக்கு அகப்படாது. வலியே இல்லாமல் அது வீங்கி விரலில் தட்டினால் கல்லாக இருப்பது அபூர்வம். கணையத்தில் வளரும் புற்று பித்தப் பாதையை நெரிக்கிறது என்றுதான் அநேகமாக அர்த்தம். அதற்குப் பிறகு எவ்வளவு காலம் என்பதும் எனக்கு மனப்பாடம். அப்பாவுக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்தேன். பெற்ற தகப்பனுக்கு வலி வரட்டும் என்று அவ்வளவு மனமுருகி நான் வேண்டிக்கொண்டேன்.

வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்தேன். மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னேன்.

"வலிக்குதாப்பா?"

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுன்னா நல்லதா, வலிக்கலைன்னா நல்லதா?"

நான் கண்ணை அவர் வயிற்றிலேயே வைத்திருந்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"வலிக்குதும்மா" என்றார். "லேசா."

அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. நான் கையை எடுக்கவில்லை. நான் சொல்லாமலே அவர் மறுபடியும் மூச்சை இழுத்தார். விலாவுக்கு அடியிலிருந்து வழவழப்பாக, உருண்டையாக ஒன்று இறங்கி வந்து என் விரல்களைத் தொட்டது. மூச்சை விட்டதும் மேலே போய்விட்டது. அடுத்த மூச்சுக்குத் திரும்ப வந்தது.