குற்றாலத்துச் சீசன் கரண்டு

மாசிலாமணி நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலிசெய்து, சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, கதவில் சாக்குக்கட்டியால் ‘ஸ்டூடியோ’ என்று எழுதியபோது தென்காசியில் அந்தத் தெருவே சிரித்தது. கம்பளிக்குள் மனுஷன் அவிந்து போவான் என்றார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிலோனிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர், மடியில் கிடத்தித் தந்திமேல் இரும்புத் துண்டை இழுத்து வாசிக்கிற கிட்டார், பாடுவதற்குப் பெண்டாட்டி ஞானபாக்கியம். வேறென்ன வேண்டும்? இவர்கள் பதிந்த கீர்த்தனைகள் ஆலங்குளம் வரைக்கும் ஜெபக்கூட்டங்களில் கேட்டன.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆடியில் அவள் தொண்டையில் கட்டி என்றார் டாக்டர். வேலூர் ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது.

“அதுக்கு முன்னால ஒரு பாட்டு பதிஞ்சிருவோம். பொறவு நானே கேட்டுக்கிடுவேம்லா” என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சாரலும் காற்றுமாக இருந்தது. ஜன்னலை அடைத்தான். வலியை விழுங்கிக்கொண்டு அவள் ஒரு கீர்த்தனையை முழுதாகப் பாடி முடித்தாள். உடனே போட்டுக் கேட்டார்கள். அச்சு அசல் அவள் குரல். அவன் அழுதான், அவள்தான் தேற்றினாள்.

புரட்டாசியில் திரும்பி வந்தார்கள். கழுத்தில் துணி சுற்றியபடி அவள் எதிரே உட்கார, டேப்பை ஓடவிட்டான். கீச்சுக் கீச்சென்று யாரோ சிறுபிள்ளை பாடியது.

ரேடியோ ரிப்பேர்க்காரர் பீர் மைதீன் மெஷினைக் கழற்றிப் பார்த்தார். “மெஷின்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சீசன்ல குத்தாலத்து லாட்ஜு பூரா லைட்டு எரியும். சாயங்காலம் நமக்கு வார கரண்டு கொறஞ்சுபோகும். மோட்டார் மெதுவாச் சுத்தையில பதிஞ்சிருக்கிய. இப்பம் அது வேகமா ஓடுது, குரலும் கீச்சுங்குது.”

சீசனில் பல்பு மங்குவது இந்த ஊரில் யாருக்கும் புதிசில்லை. சுருதி இம்மி பிசகினாலும் பிடித்துவிடுகிற மாசிலாமணி, கண்ணெதிரே மங்கிக் கிடந்த பல்பைக் கவனிக்காமல் கோட்டை விட்டுவிட்டான். மெஷினுக்குப் போகும் வயரின் நடுவே ஒரு பல்பைக் கோத்துக் கரண்டைக் குறைத்துப் பார்த்தார் பீர் மைதீன். மோட்டார் நொண்டியடித்தது, குரல் சேரவில்லை.

“அடுத்த சீசன் வரட்டும். அதே கரண்டு வந்தா அதே குரலு வந்துரும்” என்றார்.

வருஷம் முழுக்கக் காத்திருந்தான். பல்பு மங்க வேண்டுமென்று ஜெபம் பண்ணிய ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான். ஆனி பிறந்து சாரல் விழுந்தது. குற்றாலத்துக்குக் கார்கள் போக ஆரம்பித்தன. ஞானபாக்கியம் தலைசீவி, பவுடர் பூசி, ஸ்டூடியோவில் வந்து உட்கார்ந்தாள்.

விளக்கு வைக்கிற நேரம் பல்பு எரிந்தது. வெள்ளை வெளேரென்று எரிந்தது.

மாசிலாமணி பீர் மைதீனின் கடைக்கு ஓடினான். “தெரியாதா அண்ணாச்சி? புது டிரான்ஸ்பார்மர் வச்சாச்சு! இனி சீசன்லயும் கரண்டு குறையாது…” என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவன் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

வழியெல்லாம் வெளிச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து டேப்பை ஓடவிட்டான். சிறுபிள்ளைக் குரல் பாடியது. ஓட்டத்தைக் குறைக்கச் சக்கரத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினான். குரல் நடுங்கி இழுபட்டது.

ஞானபாக்கியம் அவன் விரலை மெல்ல எடுத்துவிட்டாள். தனக்குச் சொந்தமில்லாத அந்தக் குரலுக்கு உதடசைத்துக் கடைசி வரிவரைக்கும் பாடினாள். அவனுக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.