மூன்று சுழி

"தம்பி, கண்ணாடிய மேலயே வெச்சுட்டு வந்துட்டேன். இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் போனை நீட்டினார். மாடியில் அவர் மகளுக்கு ரத்தம் எடுக்க வந்தவன் பையை இறக்கி வைத்துவிட்டு வாங்கினான். புதுப் போன். பழையது தண்ணீரில் விழுந்துவிட, கடைக்காரர் இதைக் கொடுத்து, கேட்காமலே நாலைந்து ஆப்பையும் ஏற்றி அனுப்பியிருந்தார். பழைய நம்பர் ஒன்றுகூட இதில் ஏறவில்லை.

"என் பொண்ணு கூப்பிட்டா இப்படித்தான் வருது. என்ன எழுதியிருக்கு?"

கேண்சர் அக்கா மாடி.

வாய்விட்டுப் படிக்காமல் இன்னொரு முறை பார்த்தான். அந்த மூன்று சுழி ண அவனுடையது. வாத்தியார் காதைத் திருகித் திருகியே ஓய்ந்துபோனார், எந்த இடத்தில் எந்த ன என்று கடைசிவரை அவனுக்கு வசப்படவில்லை. உலகத்தில் வேறு யாரும் இப்படி எழுதியிருக்க முடியாது.

லேபில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை. யார் பேரும் அவன் மனதில் நிற்காது, வீடும் வியாதியும் நிற்கும். அதனால் போனில் எல்லாரையும் அப்படியே ஏற்றி வைத்திருந்தான். நாய் வீடு சுகர், லிப்ட் இல்லாத தைராய்டு, கேண்சர் அக்கா மாடி. தான் மட்டும் பார்க்கிற போன்தானே என்ற நினைப்பு. தெரியாத நம்பர் யாருடையது என்று காட்டுகிற ஆப் ஒன்றை எல்லாரும் போட்டுக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். உன் நம்பர்களைப் பார்க்கலாமா என்று அது கேட்டது. 'சரி' என்று அழுத்தினால்தான் திறந்தது, அழுத்தினான். பிறகொரு நாள் மச்சான் போனில் அவனுடைய நம்பருக்கு 'ஊசி' என்று பேர் வந்தது. யாரோ அவனை அப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தர் போட்டு வைத்த பேரை அந்த ஆப் ஊருக்கே காட்டுகிறது என்று அப்போதாவது மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

காதும் காதும் வைத்த மாதிரி நடந்த காரியம் இது. "அம்மாவுக்கும் இதேதான் வந்துச்சு. அப்பா இன்னொரு தடவ தாங்க மாட்டாருப்பா. அவரு இங்க வந்தா, சுகர் டெஸ்ட்னு சொல்லிடு" என்று மாடி அக்கா முதல் நாளே கேட்டுக்கொண்டாள். அவனும் போன வாரம் இந்தப் பெரியவரிடம் மகளுக்கு இனிப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு பிரசங்கமே செய்திருந்தான். தன் நடிப்பில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அக்கா வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். "நாலஞ்சு பிள்ளைங்க நின்னுட்டாங்க. அம்மாக்காரங்களுக்குப் போன் பண்ணாலும் எடுக்க மாட்டேங்கறாங்க, என்னன்னே தெரியல" என்று போன வாரம்தான் சொல்லியிருந்தாள். பரீட்சை முடிஞ்சிருச்சுல்ல அக்கா, என்று இவன்தான் சமாதானம் சொன்னான். அந்த அம்மாக்களின் போனில் என்ன பேர் வந்திருக்கும் என்று இப்போது புரிந்தது.

மேனேஜரிடம் போனால், லேபிலிருந்து ஒரு எழுத்து வெளியே போகல, அது உன் போன் என்பார். ஆப்காரர்களைக் கேட்டால், நீதானே சரி சொன்னாய் என்பார்கள். சொன்னவன் அவன்தான். ஆனால் அது அக்காவுடைய நம்பர். அதற்குச் சரி சொல்ல அவன் யார்?

"தம்பி?"

நான் போட்ட பேருங்க என்று காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அவள் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். மன்னிப்புக் கேட்கக்கூட அவனுக்கு வழியில்லை.

"ஏதோ தப்பா வந்திருக்குங்க ஐயா."

"தப்புதானே?"

"தப்புதாங்க."

பெரியவர் அவன் முகத்தையே பார்த்தார். "அப்ப சரியாப் போட்டுக் குடுங்க."

"என்ன பேரு போடட்டும்?"

"பாப்பானு போடுங்க."

போட்டான். மூன்றே எழுத்து, அதில் தப்பு வர வழியில்லை. இவர் போனில் மாறிவிட்டது. மற்றவர்கள் போனில் எப்படி மாற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கவனித்தான், பெரியவரின் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

"நான் கேட்டேன்னு அவகிட்டச் சொல்லிடாதீங்க தம்பி" என்றார். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அவ தாங்க மாட்டா."

பையைத் தூக்கிக்கொண்டு படியேறினான். அது என்றைக்கும் இவ்வளவு கனத்ததில்லை.

அக்கா கையை நீட்டியபடி, "கீழ அப்பா என்ன கேட்டாரு?" என்றாள்.

"புதுப் போன்ல உங்க நம்பரப் போட்டுத் தரச் சொன்னாரு."

"என்ன பேரு போட்டே?"

"பாப்பா."

அவள் முகம் மலர்ந்தது. இந்த வீட்டில் அவள் சிரித்து அவன் பார்த்ததே இல்லை. "இரு, வருதான்னு பாக்கலாம்" என்று மறு கையால் போனை எடுத்து அழுத்தினாள்.

கீழே மணி அடித்தது. அவன் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"கையிலதான வெச்சிருப்பாரு, ஏன் எடுக்க மாட்டேங்கறாரு?" என்றாள்.

அவன் தலை நிமிராமல் பஞ்சால் அவள் கையைத் துடைத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் மறுபடியும் அழுத்தினாள்.