செத்த பாட்டில்

செத்த பாட்டிலிலும் அது குறைந்திருந்தது.

ஆய்வகத்தில் சோதனை பாட்டில்களைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் பாட்டிலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அறைக்குள் வராமல் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"உயிர் பாட்டில்ல எவ்ளோ கொறஞ்சிருக்கோ, அதே அளவு செத்ததுலயும் கொறஞ்சிருக்குடி. திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துட்டேன். மெஷின் மேல தப்பில்ல."

கணினி முன்னால் இருந்தவள் நாற்காலியைத் திருப்பவில்லை. அலுவலகத்தில் அவளுக்கு மியூட் என்று பெயர். கூட்டங்களில் அவள் மைக் எப்போதும் அணைந்தே இருக்கும்.

"அப்போ யாரும் தின்னல," என்றாள்.

"யாரும் தின்னல."

ஏரித் தண்ணீரை இரண்டு பாட்டில்களில் பிடித்து, அடியில் கொஞ்சம் ஏரிச் சேற்றையும் போடுவார்கள். இரண்டிலும் ஒரே அளவு ரசாயனம். ஒன்றில் மட்டும் விஷம் ஊற்றி பாக்டீரியாவைக் கொன்றுவிடுவார்கள். அதுதான் செத்த பாட்டில். உயிர் பாட்டிலில் மட்டும் குறைந்தால் பாக்டீரியா தின்றிருக்கிறது. இரண்டிலும் ஒன்றுபோலக் குறைந்தால் ரசாயனம் அழியவில்லை. தண்ணீரை விட்டு வேறெங்கோ போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"சேத்துலயா?"

"வேற எங்க போகும், சினிமாவுக்கா?" பாட்டிலம்மா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "இன்னைக்கு சாயங்காலம்தான மதகு தொறக்கறாங்க?"

ஏரிக்கரைச் சாலையில் ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்திருந்தது. இயந்திரங்களின் பிசுக்கைக் கழுவும் திரவம். புதுப் பெயிண்டும் அழுகின பழமும் கலந்த மாதிரி ஒரு வாடை ஊர் வரைக்கும் வந்தது. மதகை மூடிவிட்டார்கள். குழாய்கள் நின்றன. தெருமுனையில் தண்ணீர் லாரி வரும் நேரம் ஊரின் கடிகாரமாகிவிட்டது.

குடிநீர் வாரியம் கேட்டது ஒரே கேள்வி. இது தண்ணீரில் எவ்வளவு நாள் இருக்கும்? பாட்டில் சோதனை மெதுவாகத்தான் விடை சொல்லும். அதனால் ஆய்வகத்தின் கணினி புரோகிராமைக் கேட்டார்கள். மூலக்கூறைத் திரையில் வரைந்து கொடுத்தால் போதும். இதே சாயலில் இருந்த பழைய மூலக்கூறுகள் தண்ணீரில் என்ன ஆயின என்று பார்த்து, இது என்ன ஆகும் என்று சொல்லிவிடும். ஆறு நாளில் பாதி தின்னப்படும் என்றது. மியூட் அதை அறிக்கையாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படகில் போய் எடுத்த தண்ணீரும் புரோகிராம் போட்ட கோட்டின் மேலேயே குறைந்துகொண்டு வந்தது. வாடையும் போனது. அலுவலகத்தில் கேக் வெட்டி, முதல் துண்டை மியூட்டுக்கு ஊட்டினார்கள்.

இப்போது அந்தப் பழைய மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இந்த மூலக்கூறுக் குடும்பத்துக்குச் செய்த சோதனைகளில் பாதிக்கு மேல் செத்த பாட்டில் வைக்கவே இல்லை. தண்ணீரில் காணோம் என்பதை, தின்றுவிட்டது என்று எழுதிவைத்திருந்தார்கள். புரோகிராம் அதைப் படித்து வளர்ந்திருந்தது. அவள் அதை நம்பியிருந்தாள்.

ஏரி பாதி வற்றிக் கிடந்தது. மேல் மதகுக்குத் தண்ணீர் எட்டாது. அடி மதகைத்தான் திறக்க வேண்டும். திறந்ததும் சேறு கலங்கும். சுத்திகரிப்பு நிலையத்து மணல் வடிகட்டி சேற்றைப் பிடித்துவிடும். கலங்கின சேற்றிலிருந்து கரைந்து வருவதைப் பிடிக்காது.

கைபேசி அதிர்ந்தது. அக்கா.

"எல்லா பாத்திரத்தையும் கழுவி, கழுவறதுக்கு ஏது தண்ணி, தொடச்சு அடுக்கிட்டேன். குளியலறை வாளி, கொசுறா பூ ஜாடி கூட. பாப்பா கழுத்து மடிப்பெல்லாம் புண்ணுடி. ஈரத்துணியில தொடச்சு தொடச்சு எனக்கே அழுகை வருது. சித்தி கணக்கு போட்டிருக்கா, இன்னைக்கு உனக்குத் தலைக்குக் குளியல்னு அவ காதுல சொல்லிட்டேன். சிரிக்கறா கழுதை."

"அக்கா..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வேலையா இருக்கேன்."

பாப்பாவுக்கு நான்கு மாதம். புட்டிப்பால். தண்ணீரைக் கொதிக்கவைத்துதான் கலப்பாள் அக்கா. கொதித்தால் முழுசாகப் போய்விடுகிற பொருள் அல்ல இது.

இயக்குநர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் சட்டைக் காலர் அழுக்காக இருந்தது. ஊரில் எல்லோருடையதும் அப்படித்தான்.

"தண்ணில இல்லைல்லம்மா?"

"மேல் தண்ணில இல்ல சார். சேத்துல யாரும் அளக்கல."

"அளக்க எவ்ளோ நாளாகும்?"

"ஒரு வாரம்."

"ஒரு வாரம்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நேத்து தண்ணி லாரிக்கிட்ட குடத்தாலயே ஒருத்தன் மண்டைய ஒடச்சிருக்கான். ஆஸ்பத்திரில அறுவை சிகிச்சைய தள்ளி வச்சிட்டாங்க. நான் போய் நிறுத்துன்னா, ஏன்னு கேப்பாங்க. நீயே சொல்லு. ஃபோன் போட்டுத் தரேன்."

வாரியத்துப் பொறியாளரின் குரல் ஒலிபெருக்கியில் அறை முழுவதும் வந்தது. பின்னால் நாலைந்து பேர் பேசுவதும் கேட்டது.

"சொல்லுங்கம்மா."

"சார், அது... சேத்துல இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"அளக்கல சார்."

"உங்க அறிக்கைல ஆறு நாள்ல பாதின்னு இருக்கே. இப்ப பல மடங்கு ஆறு நாள் போயாச்சே. தண்ணி சுத்தமா இருக்குன்னு நாங்களும் பாத்துட்டோமே."

"புரோகிராம் வந்து... செத்த பாட்டில் இல்லாம..."

"எது செத்துச்சு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது சூடாகி, சொற்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. இயக்குநர் அவளைப் பார்த்துக் காத்திருந்தார். பிறகு, "சரி சார், அப்புறம் பேசறேன்," என்று அவரே வைத்துவிட்டார்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாமாவை அழைத்தாள். அக்காவின் கணவர் அந்த ஏரியின் மதகுக் காவலர். சக்கரத்தைச் சுற்றப்போவது அவர் கைதான்.

"மாமா, தொறக்காதீங்க."

"என்ன விளையாட்டும்மா இது? உன் அறிக்கையோட நகலை இங்க சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம். உன் கையெழுத்த போறவன் வரவன்கிட்டல்லாம் காட்டிட்டிருக்கேன், எங்க மச்சினி போட்டதுன்னு."

"அது தப்பு மாமா."

மறுமுனையில் எண்ணெய் டப்பாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"காகிதத்த நம்பவா, உன்ன நம்பவா?"

"நான் அங்க வரேன்," என்றாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். எல்லோர் மடியிலும் காலி கேன்கள். இன்றைக்குத் தண்ணீர் வருகிறதாம் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல, அது பஸ் முழுவதும் போய் அவளிடமே திரும்பி வந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

மதகு அறையில் மாமா சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் விளக்கவில்லை. விளக்கினால் மறுபடி சொற்கள் எங்கோ போய்விடும்.

"மாமா, ஒரு வாளி, கயிறு, கல்லு. அடிச் சேறு வேணும்."

"மணி ஆகப்போகுதும்மா."

"மாமா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வாளிக் கைப்பிடியில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டி, மதகின் பக்கமாக இறக்கினார். கயிறு தளர்ந்ததும் தரையோடு தரையாக இழுத்துத் தூக்கினார். கறுப்புச் சேறு. மேலே நின்ற தண்ணீர் தெளிவாக இருந்தது. அவள் குனிந்து முகர்ந்தாள். ஏரி வாடைதான்.

மாமாவின் குடிநீர் பாட்டிலைக் காலி செய்தாள். அவருக்கு இன்றைக்கு இருந்த கடைசித் தண்ணீர் அது. சேற்றையும் ஏரித் தண்ணீரையும் அள்ளிப் போட்டு மூடி, இரண்டு கையாலும் குலுக்கினாள். தோள் வலிக்கும்வரை குலுக்கினாள். மாமா ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். இல்லையென்றால் அவள் முட்டாள், அவ்வளவுதான். முட்டாளாக வீட்டுக்குப் போய்ப் பாப்பாவைக் குளிப்பாட்டலாம்.

மூடியைத் திறந்து மாமாவிடம் நீட்டினாள்.

அவர் முகர்ந்ததும் தலை தானாகப் பின்னால் போனது. புதுப் பெயிண்ட். அழுகின பழம். லாரி கவிழ்ந்த அன்றைக்கு இருந்த அதே வாடை.

அவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். எண்ணெய்க் கையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.

அறையின் தொலைபேசி அடித்தது. எடுத்ததும் பொறியாளரின் குரல் வெளியே கேட்டது. "என்னய்யா, இன்னும் தொறக்கலயா?"

மாமா கீழே இருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு ரிசீவரை அவளிடம் கொடுத்தார்.

"இருக்கு சார்," என்றாள்.

"யாரு?"

"மத்தியானம் பேசினவ. இருக்கலாமா, இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு. சேத்த கலக்கிப் பாத்தோம். வாடை வருது. யாரையாவது அனுப்புங்க, வந்து மோந்து பாக்கட்டும். அதுவரைக்கும் தொறக்க முடியாது."

தன் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

"சரி. எவ்ளோ நாளைக்கு?"

"தெரியல சார்."

"ஒரு நம்பராவது சொல்லுங்கம்மா. புரோகிராம்ல போட்டுச் சொல்லுங்க. வெளிய ஜனங்க நிக்கறாங்க. நம்பர் இல்லாம நான் என்னன்னு போய் சொல்றது?"

"புரோகிராமுக்கும் தெரியாது சார்."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் பெருமூச்சு விட்டு வைத்துவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மாமா சுவரில் ஒட்டியிருந்த அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கிழிக்கவில்லை. வெளியே வெயில் இறங்கி ஏரி வெள்ளித் தகடு மாதிரிப் படுத்திருந்தது. யார் பார்த்தாலும் இறங்கிக் குடிக்கத் தோன்றும்.

கைபேசி அதிர்ந்தது.

"என்னடி, மணி ஆச்சே. குழாய் உஸ்ஸுன்னு கூட சொல்லல." பின்னால் பாப்பா அழுதுகொண்டிருந்தாள். "துணிய அவுத்து ரெடியா வச்சிருக்கேன். உங்க மாமா தூங்கிட்டாரா?"

"வராதுக்கா."

"இன்னைக்கா?"

அவள் பாட்டிலைப் பார்த்தாள். கலங்கல் அடங்கி, சேறு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரு விரல் அளவு தண்ணீர் அதற்குள் தெளிந்துவிட்டது.

"ஏய், இன்னைக்கு மட்டுமா? நாளைக்கா? சொல்லேன்டி."

பாப்பாவின் அழுகை கைபேசிக்கு மிக அருகில் வந்தது. அக்கா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள் போலிருந்தது.

"வராதுக்கா," என்றாள் மறுபடியும்.